எதிராளி விடுப்பில் இருக்கிறார்

எங்கள் பிரிவு அதிகாரிக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அறைக்கதவில் பித்தளைப் பலகையில் பளபளக்கிறது. ஆனால் குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எங்களுக்கு அவர் பரிசீலனை சார். எந்த விண்ணப்பத்தை நீட்டினாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "பரிசீலிக்கிறேம்மா" என்பார். தாள் இடது பக்க டிராயருக்குள் போய்விடும். போன வருஷம் என் கணவர் கை எலும்பு முறிந்து கிடந்தபோது நான் கேட்ட விடுப்பு, எலும்பு கூடி, கட்டுப் பிரித்து, மனுஷன் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு வந்து சேர்ந்தது. அதிலும் பாதியைக் குறைத்திருந்தார்.

இந்த மனிதரோடுதான் நான் தபால் செஸ் ஆடிக்கொண்டிருந்தேன். என் தலையெழுத்து.

தபால் செஸ் என்பது பெயருக்குத்தான் தபால். முன்பெல்லாம் அட்டையில் எழுதிப் போடுவார்களாம். இப்போது நாங்கள் இருவரும் உறுப்பினராக இருக்கும் செஸ் கழகத்துக்கு ஒரு இணையதளம் இருக்கிறது. நான் ஒரு காயை நகர்த்துவேன், எதிராளிக்கு மெயில் போகும், அவர் நிதானமாக யோசித்து இரண்டு நாளோ ஒரு வாரமோ கழித்துப் பதில் நகர்த்துவார். பத்து நகர்த்தலுக்கு இவ்வளவு நாள் என்று கணக்கு உண்டு. அந்த நாட்கள் தீர்ந்துபோனால், பலகையில் ராணி இரண்டு இருந்தாலும் தோல்விதான். ஒரு ஆட்டம் முடிய ஒரு வருஷம்கூட ஆகும். அதனால் எல்லோரும் ஒரே நேரத்தில் பத்து, பன்னிரண்டு ஆட்டம் ஆடுவோம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஓய்வாகத் தெரியும். என் கணவருக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது. பிறகு நான் குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்று "அய்யோ, மந்திரியை விட்டுட்டேனே" என்று கத்தியதைக் கேட்டு மனசை மாற்றிக்கொண்டார்.

இந்த விளையாட்டில் மூளையைவிடப் பெரிய விஷயம் வேகம். அதாவது, வேகமாகப் போகாமல் இருப்பது. புதுசாக வருகிறவர்கள் வந்த நகர்த்தலுக்கெல்லாம் அன்றைக்கே பதில் அடிப்பார்கள். எதிராளிகளும் அன்றைக்கே திருப்பி அடிப்பார்கள். ஒரு வாரத்தில் பன்னிரண்டு ஆட்டமும் ஒன்றாக வந்து தலையில் விழும். எட்டாவதில் ராணியைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்து அழுவார்கள். ஆபீசிலும் இதே கதைதான். ஒரு கோப்பைச் சீக்கிரம் முடித்தால் கிடைக்கும் பரிசு இன்னும் இரண்டு கோப்பு. எனக்கு இந்த ஞானம் செஸ்ஸில் வந்ததா, புகார்ப் பிரிவில் வந்ததா என்று தெரியவில்லை. எதற்குப் பதில் தெரியுமோ அதை ஊறப்போடுவேன். எதற்குத் தெரியாதோ அதை உடனே திருப்பி அனுப்பி, யோசிக்கும் பாரத்தை அந்தப் பக்கம் தள்ளிவிடுவேன்.

பரிசீலனை சாருக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அவர் விண்ணப்பங்களை எப்படி நடத்துவாரோ அப்படித்தான் காய்களையும் நடத்துவார். கடைசி நாள், கடைசி மணி வரை ஊறும். ராஜாவுக்கு நகர ஒரே ஒரு கட்டம் இருக்கும். அதற்கும் ஆறு நாள் எடுத்துக்கொள்வார். ஆனால் மனிதர் கெட்டிக்காரர், அதை இல்லையென்று சொல்ல முடியாது. அவரை நான் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. டிரா செய்திருக்கிறேன், தோற்றிருக்கிறேன். ஜெயிக்க வேண்டிய ஆட்டங்களில் தோற்றதுதான் வயிற்றெரிச்சல். ஏன் தோற்றேன் என்று ரொம்ப நாள் புரியவில்லை.

பிறகு ஒரு நாள் உறைத்தது. என் யானை அவருடைய ஏழாம் வரிசைக்குள் நுழைந்தால், மறுநாள் காலை என் மேஜைக்குள் ஒரு கோப்பு நுழையும். என் சிப்பாய் ராணியாக இரண்டு கட்டம் பாக்கி என்றால், "அம்மா, போன அஞ்சு வருஷத்துப் புகாரையெல்லாம் தெருவாரியா ஒரு தொகுப்பு போட்டுக் குடுங்க, அவசரம்" என்று வந்து நிற்பார். நான் கண்ணெரிய எண்களைக் கூட்டிவிட்டு வீட்டுக்குப் போய், அரைத்தூக்கத்தில் காய் நகர்த்தி, யானையைப் பறிகொடுப்பேன். எதிராளியே நம் வேலைப்பளுவை நிர்ணயிக்கும் செஸ் உலகத்தில் வேறெங்கும் இருக்காது. இதைச் சொல்லி யாரிடம் நியாயம் கேட்பது? ஆபீசில் நாங்கள் இரண்டு பேரும் செஸ் என்ற வார்த்தையையே எடுப்பதில்லை. "வணக்கம் சார்", "வணக்கம்மா", அவ்வளவுதான். இரண்டு பேர் முகத்திலும் தண்ணீர்க் குழாயைத் தவிர வேறொன்றும் தெரியாது.

இந்த வருஷப் போட்டியில் நானும் விவரமானேன். ஆபீசில் எந்த வாரம் மாதாந்திர ஆய்வு, எந்த வாரம் தலைமை அலுவலகத்தில் கூட்டம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. சிக்கலான நகர்த்தல்களை அந்த வாரங்களாகப் பார்த்து அனுப்பினேன். அவரோ ஆய்விலும் கூட்டத்திலும் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் கழகத்தின் விடுப்பை எடுத்துத் தப்பித்தார். ஆமாம், கழகத்திலும் விடுப்பு உண்டு. வருஷத்துக்கு இத்தனை நாள். யார் எடுத்தாலும் அவருடைய ஆட்டங்களில் இரண்டு பக்கக் கடிகாரமும் நின்றுவிடும், முடியும் வரை ஒருவரும் காயைத் தொட முடியாது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தேதியையும் காரணத்தையும் போட்டால் போதும். ஆபீசில் யாருக்கும் விடுப்புத் தராதவர் அங்கே தனக்குத்தானே அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

என் கணவருக்குப் பித்தப்பையில் கல். செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை, திங்கட்கிழமை காலையில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பவர். நாள் முழுக்க, கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாதவர்களின் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். எதற்கும் பயப்படாத மனுஷன், கத்தி என்றதும் நடுங்கிவிட்டார்.

"கை உடைஞ்சப்போ தனியா கெடந்தேன், சரி போகட்டும். இந்தத் தடவ நீ பக்கத்துல இருக்கணும். கண்ணு முழிக்கும்போது நீ இருக்கணும்" என்றார்.

"இருப்பேன்" என்றேன். சத்தியம் எல்லாம் செய்யவில்லை, ஆனால் செய்தது மாதிரிதான்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் என் ஆட்டங்களையெல்லாம் வரிசையாக உட்கார்ந்து பார்த்தேன். யாருக்குப் பதில் அனுப்பினால் ஒரு வாரத்துக்கு வாயைத் திறக்க மாட்டார்களோ அவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். கடைசியாகப் பரிசீலனை சாரின் ஆட்டம். குதிரையைத் தூக்கி அவர் ராஜாவின் வாசலில் பலியாக வைத்தேன். எடுத்தாலும் ஆபத்து, எடுக்காவிட்டாலும் ஆபத்து. அதைவிட முக்கியம், அவர் கடிகாரத்தில் திங்கட்கிழமை சாயங்காலம் வரைதான் நேரம் இருந்தது. விடுப்பு எடுத்துத் தப்பிப்பாரோ என்ற சந்தேகத்தில் கழகத்தின் விடுப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வருஷத்து விடுப்பு முழுவதையும் தின்று தீர்த்திருந்தார். பாக்கி பூஜ்யம். எனக்கு வந்த சந்தோஷத்தை மேஜைக்கடியில் காலை ஆட்டித்தான் தீர்த்துக்கொண்டேன்.

அதே சந்தோஷத்தில் ஆபீஸ் விடுப்பையும் போட்டேன். இந்த வருஷம் முதல் ஆபீசிலும் விடுப்பை இணையத்தில்தான் போட வேண்டும்; அந்தப் பக்கம் கணினியில் அடுத்த ஜன்னலில் திறந்திருந்தது. திங்கள் முதல் அடுத்த திங்கள் வரை. காரணம்: கணவருக்கு அறுவை சிகிச்சை. பொத்தானை அழுத்தினேன். அழுத்திய விரலை எடுப்பதற்குள் பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்து, "உங்கள் விடுப்பு ஏற்கப்பட்டது" என்றது.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பரிசீலனை சாரா? அதுவும் கேட்ட நொடியில்? அவர் அன்று மதியமே நீரேற்று நிலையத்தைப் பார்க்கப் போயிருந்தார். போகிற வழியில் போனிலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. அந்த மனுஷனைப் போய் இப்படித் திட்டிக்கொண்டிருந்தோமே, குதிரையை வேறு வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டோமே என்று ஒரு நிமிஷம் மனசு குறுகுறுத்தது.

வீட்டில் வந்து சொன்னேன். "என்ன இருந்தாலும் மனுஷனுக்குள்ள கொஞ்சம் ஈரம் இருக்குங்க."

"குடிநீர் வாரியத்துல இருக்கார். ஈரம் இல்லாம இருக்குமா" என்றார் இவர். "எதுக்கும் இன்னொரு தடவ பாத்துக்கோ. அவருக்கு ரெண்டு பக்கமும் பிரேக்குதான். ஆக்சிலேட்டரே கிடையாதுன்னு நீதானே சொல்லுவ."

நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தம் எடுத்து, கையெழுத்துப் போட்டு, படுக்கை விரிப்புக்கு நர்சிடம் சண்டை போட்டு ஓய்வதற்குள் போனைப் பார்க்க நேரமே இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் இவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். கதவு மூடியதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் கழகத்தின் தளத்தைத் திறந்தேன். மனசு பதறும்போதெல்லாம் ஏதாவது ஒரு பலகைக்குள் போய் ஒளிந்துகொள்வது என் வழக்கம். தவிர, பரிசீலனை சாரின் நேரம் முந்தின நாள் சாயங்காலமே தீர்ந்திருக்க வேண்டும். நான் ஜெயித்திருக்க வேண்டும்.

எல்லாப் பலகைகளும் சாம்பல் நிறத்தில் கிடந்தன. ஒரு சிப்பாயைக்கூடத் தொட முடியவில்லை. மேலே ஒரு வரி: "நீங்கள் விடுப்பில் இருக்கிறீர்கள்."

வெள்ளிக்கிழமை திறந்து வைத்திருந்த இரண்டு ஜன்னலும் நீலம். இரண்டிலும் முதல் தேதி, கடைசி தேதி, காரணம், ஒரு பொத்தான். பரிசீலனை சாருக்கு விடுப்புப் பாக்கி இருக்கிறதா என்று வேவு பார்க்கப் போன நான், அதே பக்கத்திலேயே என் விடுப்பையும் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். பச்சை டிக்கைப் பார்த்தபோதே புரிந்திருக்க வேண்டாமா? எங்கள் ஆபீஸ் தளத்தில் பச்சை நிறமே கிடையாது.

அவருடைய கடிகாரம் திங்கட்கிழமை அதிகாலையில், ஒரே ஒரு பகல் பாக்கி வைத்துக்கொண்டு நின்றுபோயிருந்தது. நிறுத்தியது நான். என் சொந்தச் செலவில், என் கணவரின் பித்தப்பையைக் காரணம் காட்டி, அவரைக் காப்பாற்றியிருக்கிறேன்.

அதே நேரத்தில் போன் அடித்தது. டைப்பிஸ்ட் அக்கா. எங்கள் பிரிவில் இப்போது டைப்ரைட்டரே கிடையாது. ஆனாலும் அவர் டைப்பிஸ்ட் அக்காதான்.

"என்னடி இது? நேத்தும் வரல, இன்னிக்கும் வரல. லீவும் போடல. சார் மெமோ அடிக்கச் சொல்லி என்கிட்டயே குடுத்திருக்காரு. 'எவ்விதத் தகவலுமின்றி'ன்னு ஆரம்பிக்குது."

"அக்கா, இவருக்கு ஆபரேஷன் நடந்துக்கிட்டிருக்கு."

"எனக்குத் தெரியும்டி. அவருக்கு எப்படித் தெரியும்?"

அப்போதுதான் எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. அவருக்குத் தெரியும். நான் விடுப்பு எடுத்ததும் கழகம் எதிராளிகளுக்கெல்லாம் மெயில் அனுப்பும். "உங்கள் எதிராளி விடுப்பில் இருக்கிறார்" என்று, தேதியோடு, காரணத்தோடு. வெள்ளிக்கிழமை மதியமே அவருக்கு அது போயிருக்கிறது. நான் எங்கே இருக்கிறேன், எதற்கு இருக்கிறேன், எப்போது வருவேன் எல்லாம் தெரியும். அந்த மெயிலால் உயிர் பிழைத்த கையோடுதான் எனக்கு மெமோ எழுதியிருக்கிறார். அடப்பாவி மனுஷா!

கழகத்தின் விதிகளைப் படித்தேன். தவறுதலாக விடுப்பு எடுத்தவர், அந்த விடுப்பு முடிவதற்குள் போட்டி நடுவருக்கு எழுதினால், அதை முதலிலிருந்தே ரத்து செய்யலாம். ரத்தானால் கடிகாரம் நிற்காமல் ஓடியதாகக் கொள்ளப்படும். அதாவது, பரிசீலனை சார் திங்கட்கிழமை சாயங்காலமே தோற்றவர். எழுத ஆரம்பித்தேன். "ஐயா, தவறுதலாக..." என்று நாலு வரி. அனுப்புவதற்கு விரலைக் கொண்டுபோனபோது உள்ளேயிருந்து ஒரு டாக்டர் வெளியே வந்து, என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் போனார். அவ்வளவுதான். செஸ்ஸாவது, மெமோவாவது, எல்லாம் பறந்துபோயிற்று. பலகையெல்லாம் சாம்பலாகக் கிடந்தது. ஒளிந்துகொள்ள ஒரு கட்டம் இல்லை. பயந்தேன். இவர் இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று அழுதேன். பக்கத்து நாற்காலி அம்மா என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

இவர் கண் விழித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன்.

மறுநாள் தெம்பு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "சிரிக்க வைக்காதே, தையல் பிரிஞ்சுடும்... ஐயோ... என் பித்தப்பையக் காட்டியா அந்தாளக் காப்பாத்தின?" தலையணையை வயிற்றில் வைத்து அமுக்கிக்கொண்டே சிரித்தார். நர்ஸ் வந்து என்னைத்தான் திட்டிவிட்டுப் போனாள்.

"நடுவருக்கு எழுதி வெச்சிருக்கேன். இப்பவே அனுப்பப்போறேன். ஒரு தடவையாவது அந்த மனுஷன ஜெயிக்கணும்."

"அனுப்பிட்டா ஜெயிச்சுடுவ. அப்புறம் மெமோ? தோத்த கடுப்புல சம்பளத்தையும் பிடிப்பார், பதவி உயர்வையும் பிடிப்பார்." தலையணையைச் சரிசெய்துகொண்டார். "நான் பசங்களுக்குச் சொல்றது என்ன தெரியுமா? ஹாரன அடிச்சுக்கிட்டே போனா எவனும் ஒதுங்க மாட்டான். ஹாரன் மேல கை இருக்குறது முன்னாடி போறவனுக்குத் தெரியணும். அனுப்பாதே. காட்டு."

இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்காக நான் பெருமைப்பட்ட நாட்கள் அதிகமில்லை. அதில் அது ஒன்று.

அடுத்த திங்கட்கிழமை இவரை வீட்டில் என் நாத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு ஆபீசுக்குப் போனேன். கழகக் கணக்கில் என் விடுப்புக்கு அதுதான் கடைசி நாள். மறுநாள் காலையில் எல்லாக் கடிகாரமும் மறுபடி ஓடும்.

பரிசீலனை சாரின் அறை அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. மேஜை மேலும், நாற்காலி மேலும், தரையிலும் புகார்க் கோப்புகள். நடுவில் அவர், கால்குலேட்டரோடு. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. விஷயத்தை டைப்பிஸ்ட் அக்கா வாசலிலேயே காதில் போட்டிருந்தார். என் குதிரையைப் பார்த்த அன்றே, விடுப்பு மெயில் கண்ணில் படுவதற்குள், வழக்கப்படி என் தலையில் கட்டுவதற்காக, பகுதிவாரித் தொகுப்பு ஒன்றை மறுநாள் செவ்வாய்க்கிழமைக்குள் தருவதாகத் தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். எழுதியது அவர், கையெழுத்து அவருடையது. கட்ட வேண்டிய தலை ஆஸ்பத்திரியில் இருந்தது. பிரிவில் அந்தத் தொகுப்பைப் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒரு வாரமாக அவரே உட்கார்ந்து கூட்டிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினார். மெமோவை எடுத்து முன்னால் வைத்தார்.

"ஒரு வாரம். ஒரு போன் இல்ல, ஒரு தகவல் இல்ல. என்னம்மா நினைச்சுக்கிட்டிருக்கீங்க?"

"தகவல் குடுத்தேனே சார். வெள்ளிக்கிழமை மத்தியானம். உங்க மெயிலுக்கு வந்திருக்குமே. காரணம்கூட எழுதியிருந்தேன்."

அத்தனை வருஷத்தில் அந்த அறைக்குள் முதல் தடவையாகச் செஸ் வந்து உட்கார்ந்தது.

"அது... அது வேற விஷயம்மா. அதையும் இதையும் கலக்கக் கூடாது."

"சரியாச் சொன்னீங்க சார். கலந்தது என் தப்புதான். இங்க போட வேண்டியத அங்க போட்டுட்டேன். அதான் அத ரத்து பண்ணச் சொல்லி நடுவருக்கு எழுதி வெச்சிருக்கேன்." போனை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "இன்னும் அனுப்பல சார். இன்னிக்குள்ள அனுப்பினா போதுமாம்."

படித்தார். மறுபடி படித்தார். விதிகள் எனக்குத் தெரிவதைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் முகத்தில் போன திங்கட்கிழமை சாயங்காலம் வந்து போனதை என் கண்ணால் பார்த்தேன்.

"வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?" என்றார்.

"நல்லா இருக்கார் சார்."

"ஆபரேஷன்னா சும்மாவா. பக்கத்துல இருக்க வேண்டியதுதான். மனுஷத்தன்மைன்னு ஒண்ணு இருக்குல்ல." மெமோவை நாலாக மடித்து டிராயருக்குள் போட்டார். "முடிஞ்சுபோன தேதிய தளம் ஏத்துக்காது. தாள்லயே விண்ணப்பத்த எழுதுங்க."

எழுதிக் கொடுத்தேன். டிராயர் பக்கம் போன கை பாதியில் நின்று திரும்பியது. "அனுமதிக்கப்பட்டது" என்று எழுதினார். எழுதிப் பழக்கமில்லாத வார்த்தை, பேனா நாலு இடத்தில் தயங்கியது. தாளை நீட்டினார், ஆனால் விடவில்லை. நான் போனை எடுத்து, அவர் கண் முன்னாலேயே அந்த நாலு வரியையும் அழித்தேன். அப்புறம்தான் விட்டார்.

வாசல் வரை போயிருப்பேன். "அம்மா, ஒரு நிமிஷம்."

திரும்பினேன். மனிதர் முகத்தில் ஒரு பிரகாசம். புதுசாக ஒரு நகர்த்தல் தென்பட்ட பிரகாசம். அதை நான் நன்றாக அறிவேன், எத்தனை ஆட்டத்தில் கற்பனை செய்து பார்த்திருக்கிறேன்.

"தையல் ஆறவே இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அதுக்குள்ள என்ன அவசரம்? இந்த வாரமும் இருந்துட்டு வாங்க." தாளை என் கையிலிருந்து வாங்கி, அடுத்த திங்கள் வரை என்று அவரே தேதியைத் திருத்தி, அவரே பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்கயும் அப்படியே நீட்டிச்சுப் போட்டுடுங்க. ரெண்டு இடத்துலயும் ஒரே தேதி இருக்குறதுதானே முறை" என்றார்.

"ரொம்ப நன்றி சார்" என்றேன். மனசார.

வெளியே வந்ததும் டைப்பிஸ்ட் அக்கா தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிஜமான கையெழுத்துதான். "என்னடி செஞ்ச? வசியமா?"

"ஒரு குதிரைய வெட்டுக் குடுத்தேன் அக்கா" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை இவருக்குத் தலையணை வைத்து உட்காரவைத்து, சூப் கொடுத்து, நாத்தனாரோடு ஊர்க்கதை பேசினேன். என் பலகைகளெல்லாம் காலையிலேயே நிறம் திரும்பிவிட்டன. இரண்டு ஆட்டத்தில் பதில் வந்திருந்தது. ஊறட்டும் என்று விட்டேன். பரிசீலனை சாரின் ஆட்டத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, அன்று சாயங்காலம் வரைதான் அவருக்கு நேரம். அந்த நிலையை இன்னொரு தடவை பார்த்தேன். அவர் ராஜாவை ஒரு கட்டம் பக்கவாட்டில் நகர்த்தினால் போதும், என் குதிரைப் பலி வெறும் புஸ்வாணம். அவர் மூளைக்கு அரைமணி நேர வேலை. ஒரு வாரம் கடிகாரம் நின்றிருந்தும் அந்த அரைமணி அவருக்குக் கிடைத்திருக்காது என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கு வேண்டாம், எப்படியும் நேரம் நிற்கிறதே என்று தள்ளிப்போட்டிருப்பார். தொகுப்பு இன்றைக்குப் போக வேண்டும்.

சாயங்காலம் ஆகும்போது டைப்பிஸ்ட் அக்கா போன் செய்தார். பின்னால் கால்குலேட்டர் கிளிக் கிளிக் என்று கேட்டது.

"சார் இன்னும் கூட்டிக்கிட்டுதான் இருக்காரு. மூணு தடவ கூட்டி மூணு விடை வந்திருக்கு. மத்தியானம் சாப்பிடவே இல்ல."

"கடைசிப் பக்கத்துல போன வருஷத்துப் பாக்கிய ரெண்டு தடவ சேர்த்திருப்பாரு அக்கா. அத எடுக்கச் சொல்லுங்க, சரியா வரும்."

அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். அது சம்பளம் வாங்குகிற வேலை.

அக்கா அவரிடம் சொல்வது கேட்டது. அவர் ஏதோ திருப்பிக் கேட்பதும் கேட்டது. அக்கா மறுபடி போனுக்கு வந்தார். "இன்னொண்ணு கேக்கச் சொல்றாரு. எனக்கு ஒண்ணும் புரியல. அங்கயும் லீவு போட்டாச்சான்னு கேக்குறாரு. அது எந்த அங்கடி?"

இவர் கையிலிருந்த சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, தலையணையை எடுத்து வயிற்றில் அமுக்கிக்கொண்டார். கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார், சிரிக்க வைக்காதே என்று.

"பரிசீலனையில இருக்குன்னு சொல்லுங்க அக்கா" என்றேன்.